டிஸ்டோபியா: கேட்டுலகா, பாழுலகா?

தீமை மலிந்த கற்பனை உலகை டிஸ்டோபியா என்கிறார்கள்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அது கிரேக்க வேர்களால் ஆன சொல். ‘டோபோஸ்’ என்றால் இடம். ‘டிஸ்’ தீமையைக் குறிக்கும் முன்னொட்டு; துர்நாற்றம், துர்க்கதி என்பவற்றில் வரும் வடமொழித் ‘துர்’ இதன் உடன்பிறப்பு. தாமஸ் மோர் 1516இல் படைத்த ‘யுடோபியா’ என்ற லட்சிய உலகத்துக்கு (சொல்லின் பொருள் ‘இல்லாத இடம்’) எதிராக எழுந்தது இது. 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதத்தில் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் இதைக் கையாண்டார். இலக்கிய வகையின் பெயராக நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டில்.

தமிழில் ‘கேட்டுலகு’ எனலாம். கொடுங்கோலாட்சியைச் சொல்லும் கதைகளுக்கு அது பொருந்தும். ஆனால் பிறப்பே நின்றுபோன உலகத்தை என்னவென்று சொல்வது? ஆங்கில எழுத்தாளர் பி. டி. ஜேம்ஸின் 1992இல் வெளிவந்த ‘தி சில்ட்ரன் ஆஃப் மென்’ நாவலில் 1995க்குப் பிறகு பூமியில் குழந்தையே பிறக்கவில்லை. கதை நடப்பது 2021இல், இங்கிலாந்தில். ஊர்கள் இடியவில்லை. பெண்கள் தள்ளுவண்டியில் பொம்மைகளை வைத்து உலாவுகிறார்கள். பூனைக்குட்டிகளுக்கு ஞானஸ்நானம் நடக்கிறது. எல்லாம் இருக்கிறது, அனுபவிக்க அடுத்த தலைமுறை இல்லை.

இந்த நிலைக்கு நம்மிடம் ‘பாழ்’ இருக்கிறது. வீடு இடிந்தால் மட்டுமா பாழ்? ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தாலும் பாழ்தான். விதைப்பாரின்றிக் கிடக்கும் நிலமும் பாழ். பரிபாடலின் மூன்றாம் பாடல் ‘பாழ் எனக் கால் எனப் பாகு என ஒன்று என’ எண்ணிச் செல்கிறது. அங்கே பாழ் என்பது இன்மை, சுழி (பூஜ்யம்). வெறுமை, தரிசு, சுழி மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும் ‘பாழுலகு’ இந்தக் கதைகளுக்கென்றே காத்திருந்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது. வகைப்பெயராகப் ‘பாழுலகப் புனைவு’ என்று எழுதலாம்.

‘மலட்டுலகு’ என்று மட்டும் எழுத வேண்டாம். ‘மலடி’ என்ற வசையால் எத்தனை பெண்கள் நொந்திருக்கிறார்கள்! ‘மலடன்’ என்பதும் அகராதியில் உண்டு, தெருவில் அதைக் கேட்பது அரிது. ஜேம்ஸின் நாவலில் வற்றிப்போவது ஆண்களின் விந்துதான். 2006இல் அல்போன்சோ குவாரோன் இந்த நாவலைத் தழுவி எடுத்த திரைப்படம் அந்தக் குறையைப் பெண்கள்மேல் மாற்றிவிட்டது. ‘குழந்தையின்மை’ யார்மேலும் பழி போடாத சொல், அதுவே போதும்.

நாவலின் தலைப்பையும் ‘மனிதர்களின் குழந்தைகள்’ என்று பெயர்க்கக் கூடாது. அது விவிலியத்தின் 90ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே ‘மனுபுத்திரரே, திரும்புங்கள்’ என்கிறது. ‘மனுபுத்திரர்’ என்பதே தலைப்பு.