நீலக்கதிர் வட்டு இயக்ககம்: சொல்லும் பொருளும்

மடிக்கணினிகளில் வட்டு செருகும் வாய் மறைந்துபோனபின், டிவிடிக்குப் பின்வந்த ப்ளூ-ரே வட்டுகளைப் படிக்க யூஎஸ்பி வடத்தால் வெளியிலிருந்து இணைக்கும் ‘எக்ஸ்டர்னல் ப்ளூ-ரே டிரைவ்’ தனிப் பண்டமாக விற்கப்படுகிறது. இதனை ‘ஹெச்டி டிரைவ்’ என்பாரும் உளர். ஆனால் ப்ளூ-ரே என்னும் பெயர் படத்தின் தெளிவைக் குறிப்பதன்று. வட்டைப் படிக்கும் ஒளியைக் குறிப்பது.

குறுவட்டை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரும், டிவிடியை 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும் படிக்கின்றன. ப்ளூ-ரே வட்டுக்குரியது 405 நானோமீட்டர் லேசர். அலைநீளம் குறையக் குறைய ஒளியை மேலும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம் என்பதாலும், தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதாலும், டிவிடியின் ஓரடுக்கில் 4.7 ஜிபி கொள்ளும் அதே 12 சென்டிமீட்டர் வட்டில் 25 ஜிபியும், ஈரடுக்கில் 50 ஜிபியும் கொள்கின்றன. ப்ளூ-ரேக்குப் போட்டியாகத் தோஷிபா முன்னின்று வளர்த்து 2008-இல் கைவிட்ட ஹெச்டி டிவிடி என்னும் வட்டு வகையும் இதே நிற லேசரைத்தான் பயன்படுத்தியது. ஆயினும் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஆகவே ‘ஹெச்டி’ என்று மட்டும் குறித்த பழைய கருவியை நம்பி வாங்கலாகாது.

நீலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை ப்ளூ-ரே என்னும் பெயரில் வேண்டுமென்றே நீக்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான சொல்லை வணிகக்குறியாகப் பதிவது கடினம் என்பதே காரணம். தமிழ் எழுத்தில் அந்தக் குறை தெரியாமலே போகிறது.

405 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்கு ஊதாவாகவே தெரியும். எனினும் ‘ஊதாக்கதிர் வட்டு’ என்றால் புறஊதாக் கதிரோடு மயங்க இடமுண்டு என்பதால், பெயரின் வழிநின்று ‘நீலக்கதிர் வட்டு’ என்பதே தகும். வட்டு என்பது குறுவட்டிலும், இலங்கையில் வழங்கும் இறுவட்டிலும் வேரூன்றிவிட்ட சொல். டிரைவ் என்னும் கருவியை இயக்ககம் என்றும், டிரைவர் என்னும் மென்பொருளை இயக்கி என்றும் பிரித்து வழங்குவது குழப்பம் தவிர்க்கும். முழுப்பெயர் ‘புற நீலக்கதிர் வட்டு இயக்ககம்’ என்றாகும்; கடையில் ப்ளூ-ரே டிரைவ் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள் என்பது வேறு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது பெயருக்குப் பின்வரும் சொற்களை. ‘காம்போ’ என்றிருப்பது நீலக்கதிர் வட்டைப் படிக்கும், ஆனால் டிவிடியிலும் குறுவட்டிலும் மட்டுமே எழுதும். ‘ரைட்டர்’ என்றிருந்தால்தான் ஒருமுறை எழுதும் பிடி-ஆர் வட்டிலும், அழித்தெழுதும் பிடி-ஆர்இ வட்டிலும் பதிவு செய்யலாம். 100 ஜிபி வட்டுக்குப் பிடிஎக்ஸ்எல் என்னும் குறி வேண்டும். எழுதும்போது மின்சாரம் கூடுதலாகச் செலவாவதால், 500 மில்லிஆம்பியர் மட்டுமே தரும் யூஎஸ்பி 2.0 துளையைவிட 900 மில்லிஆம்பியர் தரும் யூஎஸ்பி 3.0 துளை நம்பகமானது.

திரைப்பட வட்டுகளைப் பார்க்க விண்டோஸ் மட்டும் போதாது, அவற்றின் பூட்டைத் திறக்கும் உரிமம் பெற்ற மென்பொருளும் வேண்டும். 4கே வட்டுகளின் நிலை இன்னும் மோசம்: உரிமம் பெற்ற மென்பொருள்கள் நம்பியிருந்த எஸ்ஜிஎக்ஸ் என்னும் பாதுகாப்பு வசதி, 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் கோர் செயலிகளில் இல்லை. கோப்புகளைச் சேமிக்க மட்டும் இயக்ககம் வாங்குவோரை இச்சிக்கல் தொடாது.