ஒல்லியான தம்பிகளே, மாத்திரைக்குப் போகும் முன் தட்டைப் பாருங்கள்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையனுக்கு 21 வயது, உயரம் 174 சென்டிமீட்டர், எடை 52 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் 17.2 வருகிறது. 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவு. "எவ்வளவு தின்றாலும் இவனுக்கு உடம்பு பிடிப்பதில்லை, டாக்டரம்மா" என்றார் அம்மா. நான் உணவியல் நிபுணர், டாக்டர் இல்லை என்று சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. பையன் தலை நிமிரவே இல்லை. நல்ல வெயில் காலம். முழுக்கைச் சட்டைக்குள் ஒரு பனியன், அதற்குள் இன்னொரு பனியன் போட்டிருந்தான். ஒல்லியான பையன்கள் தடிமனாகத் தெரிவதற்காக இப்படி உடுத்துவதை நாகர்கோவிலில் இத்தனை வருட வேலையில் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகிறது.

அவனிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். "ஏழு நாள், வாய்க்குள் போவது அத்தனையும் எழுது. மணியும் அளவும் வேண்டும். நல்ல பிள்ளையாக எழுத வேண்டாம், உள்ளதை எழுது."

எழுதிக்கொண்டு வந்தான். செவ்வாய்க்கிழமைப் பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. காலை 7.40-க்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு கட்டன் சாயா. 11 மணிக்கு ஒரு பழ பஜ்ஜி. மதியம் டிபன் பாக்ஸில் பாதி, மீதி கூட்டாளிக்கு. மீன் கறியில் குழம்பு மட்டும், "முள்" என்று மீனைத் தொடவில்லை. மாலையில் ஒன்றுமில்லை. இரவு மூன்று தோசை. கணக்குப் போட்டால் 1,200 கலோரியைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இரண்டு தட்டு பிரியாணி, ஐஸ்கிரீம், இரவு பரோட்டா. அம்மாவின் நினைவில் இருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமைதான். அவர் பொய் சொல்லவில்லை. மகன் நிறையத் தின்றதைத் தன் கண்ணால் பார்த்தார். பாதி சோறு கூட்டாளிக்குப் போனதைப் பார்க்க அவருக்கு வழியில்லை.

ஏழு நாள் சராசரி 1,900 கலோரி, புரதம் 45 கிராம். அவனுடைய எடை இருந்த இடத்திலேயே நிற்பதற்கு இது ஏறக்குறையச் சரியான அளவு. நின்றும் விட்டது.

உடலுக்குள் ஒன்றும் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 16 பேருக்கு 8 வாரம், தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். குறைவாக ஏறியவர்கள் தங்களை அறியாமலே கூடுதலாக அசைந்திருக்கிறார்கள்: காலாட்டுவது, எழுந்து நடப்பது, நிமிர்ந்து உட்காருவது. ஆகவே ஒல்லியாக இருப்பவர்களின் குறையை நான் தள்ளுவதில்லை. சிலருக்குச் சாப்பாட்டை மற்றவரைவிடக் கூட்டித்தான் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். "எனக்கு மட்டும் ஏறவே ஏறாது" என்ற முடிவுக்கு அதில் இடமில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பு நன்றாக இருந்த எடை திடீரென்று குறைந்தால், நோட்டும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை என்றால் காசநோய்ப் பரிசோதனை. அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் என்றால் சர்க்கரை. கைநடுக்கம், படபடப்பு என்றால் தைராய்டு. தீராத வயிற்றுப்போக்குக்கும் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பையனுக்கு எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது.

இனி தட்டுக்கு வருவோம். தசை வளரப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 52 கிலோவுக்கு 83 கிராம். கலோரியில் இப்போது சாப்பிடுவதைவிட 300 முதல் 500 வரை கூட்டினால் போதும். அதற்கு மேல் திணித்தால் வயிறுதான் முன்னால் வரும்.

83 கிராம் என்றதும் பையன்கள் புரோட்டீன் பவுடர் விலையைக் கேட்கிறார்கள். நம் மாவட்டத்து அடுக்களையை விட்டு வெளியே போகாமலே இந்தக் கணக்கை நான் முடித்துக் காட்டுவேன். காலையில் புட்டு. அதோடு பப்படமும் சீனியும் வைத்துத் தின்பதை விட்டு, ஒரு கப் அவித்த சிறுபயறும் இரண்டு முட்டையும் ஓர் ஏத்தன் பழமும் வைத்தால் 27 கிராம் வந்துவிடுகிறது. பதினோரு மணி பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி நிலக்கடலை, 7 கிராம். மதியம் சம்பா அரிசிச் சோறு, ஐந்தாறு சாளை (மத்தி மீன்), கொஞ்சம் தயிர், 30 கிராம். மாலையில் ஒரு டம்ளர் பாலும் பழமும், 8 கிராம். இரவு தோசைக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கொண்டைக்கடலைக் கறி, கூடவே ஒரு முட்டை, 20 கிராம். கூட்டிப் பாருங்கள், தொண்ணூறைத் தாண்டுகிறது.

சாளையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 100 கிராம் சாளையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், மேலே நல்ல கொழுப்பு. குளச்சலிலும் முட்டத்திலும் கரைக்கு வருகிற மீன்களில் இதைவிட மலிவாக இவ்வளவு தருவது அபூர்வம். மேற்குக் கடலோரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது மீன் விலை ஏறும். அந்த மாதங்களில் முட்டையைக் கூட்டிக்கொள்ளலாம், 30 கிராம் சோயா உருண்டையைக் குழம்பில் போடலாம். அதிலேயே 15 கிராம் கிடைக்கிறது. மீன், முட்டை தொடாத வீடுகளுக்கும் இதே சோயா, பயறு, கடலை, பால், தயிர்தான். அளவு மட்டும் கூட வேண்டும்.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது மாவுச்சத்து. 100 கிராமில் 160 கலோரி தருகிறது, புரதம் ஒன்றரைக் கிராம்கூட இல்லை. எடை ஏற்ற நல்ல துணை. ஆனால் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தி என்கிற துவையலும் மட்டுமே இரவுச் சாப்பாடு என்றால் தசைக்கு அதில் ஒன்றும் இல்லை. மீன் கறியோடு தின்றால்தான் இரண்டும் சேரும். இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எடை ஏற்றும் பவுடர் என்று பெரிய டப்பாக்களில் விற்பதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின். அதுவும் மாவுச்சத்திலிருந்து எடுப்பதுதான். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவதற்கு முன் வீட்டு முற்றத்துக் கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள். தசை பலத்துக்காக ஜிம் போகிறவர்கள் எடுக்கும் கிரியேட்டின் பவுடரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நன்றாக ஆராயப்பட்ட பொருள், தினம் 3 முதல் 5 கிராம் ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது, சிறுநீரக நோய் உள்ளவர்கள் தொடக்கூடாது. பயிற்சி தொடங்கும் முதல் ஆறு மாதத்துக்கு அது இல்லாமலே நடக்கும்.

சாப்பாடு கூடி, வேலை கூடாவிட்டால் தசை வராது. எந்த வேலை என்பதில்தான் குழப்பம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் இறங்கும் பால்வெட்டும் தொழிலாளியைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடக்கிறார். ஆனால் உடம்பு ஒல்லிதான், ஏனென்றால் ஒவ்வொரு அசைவிலும் பாரம் குறைவு. கடற்கரையில் கரமடி இழுப்பவர்களின் முதுகையும் முன்கையையும் பாருங்கள். கனத்த வலையைக் காலூன்றி, முழு பலத்தோடு இழுக்கிறார்கள். தசை கேட்பது இந்த இரண்டாவது வகை வேலையை. பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்ற நிலைக்குக் கொண்டுபோகும் பாரம் வேண்டும். அது பழகிவிட்டால் பாரத்தைக் கூட்ட வேண்டும். கூட்டாமல் ஒரு வருடம் அதே ஐந்து கிலோ டம்பெல்ஸைத் தூக்கினால் கை அப்படியே இருக்கும்.

எங்கள் கிளினிக்கில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் புதியவர்களுக்குப் போட்டுக் கொடுப்பது எளிமையான திட்டம். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒவ்வொரு நாள் ஓய்வு. ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும்: ஸ்குவாட் (குந்தி எழுதல்), தண்டால், தரையிலிருந்து எடை தூக்குதல், குனிந்து எடையை வயிற்றை நோக்கி இழுத்தல், தலைக்கு மேல் தூக்குதல், கம்பியில் தொங்கி ஏறுதல். ஒவ்வொன்றிலும் மூன்று செட், அதாவது இடையில் ஓய்வெடுத்து மூன்று சுற்று. தொங்கி ஏற முடியாதவர்கள் முதலில் தொங்கினாலே போதும். ஜிம்மில் சேரப் பணம் இல்லையென்றால் புத்தகம் நிறைத்த பள்ளிப்பையும், மணல் நிரப்பிய அரிசிச் சாக்கும் மூன்று மாதத்துக்குத் தாங்கும். "திங்கள் நெஞ்சு, செவ்வாய் கை" என்று பழகியவர்கள் வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்துச் செய்யும் பையன்கள் கால் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் முதுகிலும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எடை எங்கிருந்து ஏறும்? இரவு ஏழெட்டு மணி நேரத் தூக்கத்தையும் திட்டத்தில் எழுதியே கொடுப்பார். கைப்பேசியோடு நள்ளிரவு தாண்டி ஒரு மணிவரை விழித்திருந்தால் தசை பழுதுபார்க்கும் நேரம் போய்விடும்.

நான் மிகவும் பயப்படும் இடம் இனிமேல்தான் வருகிறது. முதல் ஆறு வாரம். அந்த வாரங்களில் பலம் நன்றாக ஏறும், ஆனால் அதில் பெரும்பகுதி நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணாடியில் எதுவும் தெரியாது. தெரிய இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பையன்கள் மனம் தளர்ந்து, யாரோ சொன்ன மாத்திரைக்குப் போகிறார்கள்.

அப்படிப் போன ஒருவன் சென்ற ஆண்டு வந்தான். 19 வயது. ஒரு கடையில் காகித உறைக்குள் பெயர் இல்லாத மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள், "பத்து நாளில் கன்னம் வைக்கும்" என்று. கன்னம் வைத்தது உண்மை. முகம் நிலா மாதிரி உருண்டு, கழுத்துக்குப் பின்னால் மேடு தட்டியிருந்தது. எடை ஐந்து கிலோ ஏறியிருந்தது. தரையில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான். எழச் சொன்னேன். இரண்டு கையையும் ஊன்றி, பக்கத்து மேசைக் காலைப் பிடித்துத்தான் எழுந்தான். தொடை முன்பைவிட மெலிந்திருந்தது.

இப்படிக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கும். ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, மற்றது பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடின். டெக்ஸாமெத்தசோன் நீரையும் கொழுப்பையும் முகத்தில் சேர்க்கிறது, தசையை அரித்துத் தின்கிறது. உடம்பு வைக்கப் போனவனின் உடம்பையே அது உருக்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு பலம் குறையும், கிருமி எதிர்ப்பு விழும். நீண்ட நாள் எடுத்தால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. அதனால் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. இதைப் படிக்கும் யாராவது இப்போது எடுத்துக்கொண்டிருந்தால், வெட்கப்படாமல் உறையோடு மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். நானும் அந்தப் பையனை அன்றே பொது மருத்துவரிடம் அனுப்பினேன்.

ஜிம்களில் கைமாறும் ஊசிகள் வேறு வகை ஸ்டீராய்டு. அவை தசையை ஏற்றும், மறுக்கவில்லை. கூடவே விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி நிற்கலாம், மார்பு பெண்களுக்குப்போல் வளரலாம், இதயத் தசை தடிக்கலாம். இருபது வயதில் இந்த விலையைக் கொடுக்கத் தேவையே இல்லை, ஏனென்றால் பயிற்சி தொடங்கும் முதல் வருடத்தில்தான் உடம்பு தானாகவே வேகமாகத் தசை கட்டுகிறது.

ஆகவே கண்ணாடியை நம்பாமல் நோட்டை நம்பச் சொல்கிறேன். ஞாயிறு காலை, கழிப்பறை போய்விட்டு, எதுவும் சாப்பிடும் முன் எடை. மாதம் ஒருமுறை மேல்கை, நெஞ்சு, தொடைச் சுற்றளவு. ஒவ்வொரு பயிற்சியிலும் எத்தனை கிலோ, எத்தனை முறை. வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் நல்ல வேகம். இரண்டு வாரம் எடை அசையவில்லை என்றால் ஒரு டம்ளர் பாலும் ஒரு பழமும் கூட்டுங்கள், அது 250 கலோரி. அதிலும் அசையவில்லை என்றால் நோட்டின் பழைய பக்கத்தைத் திருப்பி, டிபன் பாக்ஸ் யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

தக்கலைப் பையனின் நோட்டில் ஐந்தாம் வாரம் "ஒன்றும் தெரியவில்லை, நிறுத்தலாமா" என்று எழுதியிருந்தான். அதே பக்கத்தின் மேல்பாதியில் தண்டால் நான்கிலிருந்து பதினொன்றுக்கு ஏறியிருந்ததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனான். பதினாறாம் வாரம் 56 கிலோ. அன்றைக்குச் சட்டைக்குள் ஒரு பனியன்தான் இருந்தது. அம்மாவுக்கு அப்போதும் ஒரு குறை, "முட்டை ஒரு தட்டு வாங்கினால் வாரத்துக்கே போதவில்லை" என்று. மகன் இப்போது சாளையின் முள்ளைத் தானே எடுத்துத் தின்கிறானா என்று கேட்டேன். "குழம்பில் மீன் மிஞ்சுவதே இல்லை" என்றார்.