அறுத்த பிறகு இனிக்கும் பறங்கி

வட இத்தாலியின் மாந்துவா நகரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இறைச்சி சேர்க்காத விருந்து நடக்கும். அன்று தட்டில் முதலில் வருவது பறங்கிப் பூரணம் வைத்த தோர்த்தெல்லி. முட்டை ஊற்றிப் பிசைந்த கோதுமை மாவை மெல்லிதாகத் தேய்த்து, பூரணத்தை வைத்து மூடி, கொதிநீரில் வேகவைத்து, உருக்கிய வெண்ணெயில் புரட்டுவார்கள்.

அந்தப் பறங்கியைக் கொடியிலிருந்து அறுப்பதோ கோடையின் முடிவில். உடனே சமைத்தால் என்ன? மாவு மாவாக இருக்கும், இனிப்பு போதாது. ‘பாதிரியார் தொப்பி’ என்று ஊரார் அழைக்கும் மாந்துவா ரகத்தின் சதையில் மாவுச்சத்து மிகுதி. அறுத்த பின்னும் காய் உயிரோடுதான் இருக்கிறது, சுவாசிக்கிறது. அமைலேஸ் முதலிய நொதிகள் மாவுச்சத்தை மெல்ல உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. இனிப்பு ஏறும்வரை காயைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் காம்பை ஒட்ட நறுக்காமல் நீளமாக விட்டு அறுக்கிறார்கள். காம்பு ஒடிந்த இடத்தில் பூஞ்சை நுழைந்துவிடும். காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கடுங்குளிர் பட்டால் சதை கெடும்.

சமையலிலும் பகை ஒன்றுதான்: நீர். பறங்கியை வேகவைத்தால் பூரணம் நீர்த்து, மாவுத்தாள் ஊறிக் கிழியும். ஆகவே தோலோடு துண்டுகளாக்கி அடுப்பில் சுடுகிறார்கள். ஓரங்கள் பழுப்பேறிச் சதை கரண்டிக்கு இளகும்போது, நீர் வற்றிச் சர்க்கரை செறிந்திருக்கும். மிஞ்சிய ஈரத்தை, பொடித்துச் சேர்க்கும் அமரெத்தி என்ற பாதாம் சுவை பிஸ்கட் உறிஞ்சிக்கொள்கிறது. கூடவே மொஸ்தார்தா: சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்தில் கடுகுச் சாரம் சேர்த்தது. கடுகின் காரம் நாவின் சுவை மொட்டுகளை அல்ல, மூக்கிலும் வாயிலும் உள்ள வலி நரம்புகளைத் தீண்டுவது. அதுதான் இனிப்பு திகட்டாமல் காக்கிறது. வெண்ணெய்க்கும் வேலை உண்டு. பறங்கியின் மஞ்சள் நிறமியான பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். கொழுப்போடு உண்டால் உடல் அதை நன்றாக ஏற்கும்.

இந்தக் காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் இத்தாலியர் ‘சுக்கா’ என்றது சுரைக்காயை. புதிய காய்க்கும் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

பக்கத்து நகரான ஃபெராராவில் இதே போலப் பறங்கிப் பூரணம் வைத்துச் செய்யும் காப்பெல்லாச்சிக்கு 2016-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பூரணத்தில் அமரெத்தியும் இல்லை, மொஸ்தார்தாவும் இல்லை. பறங்கி, பாலாடைக்கட்டி, ஜாதிக்காய் அவ்வளவே. அங்கே முற்றாத பறங்கியை எதைக் கொண்டும் மறைக்க முடியாது.