பைத்தான் கெட்டுப்போகவில்லை, மடிக்கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள்

சென்ற வாரம் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு மாணவன் தன் அப்பாவோடு பஸ் ஏறி, தருமபுரியில் நான் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மடிக்கணினியைத் திறக்கும் முன்பே, "சார், பைத்தான் கெட்டுப்போய்விட்டது" என்றான். நிரல் எழுதும் மொழியான பைத்தானை மூன்று முறை நீக்கி, மூன்று முறை நிறுவியிருக்கிறான். அப்படியும் சரியாகாததால் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து மொத்தத்தையும் அழித்து ஃபார்மட் செய்து வாங்கியிருக்கிறார்கள். அதில் அவனுடைய அக்காவின் எம்.எஸ்சி. ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயங்கள் போய்விட்டன. வேறெங்கும் பிரதி இல்லை. பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த நிரல்களை மட்டும் அவன் திரும்பப் போட்டான். அவற்றோடு அதே பிழையும் திரும்பி வந்தது.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எண்ணை ஊகிக்கும் விளையாட்டு ஒன்று எழுதி, அந்தக் கோப்புக்கு 'ரேண்டம்' என்றே பெயர் வைத்திருந்தான். உள்ளே முதல் வரியில், பைத்தானோடு தயாராக வரும் ரேண்டம் மாட்யூலை (துணை நிரல் கோப்பு) இம்போர்ட் செய்கிறான், அதாவது எடுத்துப் பயன்படுத்தச் சொல்கிறான். பைத்தான் எந்த மாட்யூலையும் தேடும்போது, ஓடுகிற நிரல் இருக்கும் கோப்புறையில்தான் முதலில் பார்க்கும். அங்கே அவனுடைய கோப்பே அந்தப் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டு, "இதில் ரேண்டின்ட் (ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை) இல்லையே" என்கிறது. கோப்பின் பெயரை 'விளையாட்டு' என்று மாற்றினேன். ஓடியது. அவன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை வருத்துவது இதுதான்: 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பிலிருந்து, "இந்தக் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள்" என்று பைத்தானே பிழைச்செய்தியில் எழுதிவிடுகிறது. அவன் நிறுவியிருந்ததும் அதற்குப் பிந்தைய பதிப்புதான். சிவப்பு எழுத்தைக் கண்டதும் பயந்து, படிக்காமலே மூடிவிட்டான்.

திரும்ப நிறுவினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை எப்படிப் போக்குவதென்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நீங்கள் எழுதிய வரியில் பிழை இருந்தால் பைத்தான் கெட்டுப்போவதில்லை. நிறுவும்போது பைத்தானின் கோப்புகள்தான் பைத்தானின் இடத்தில் மறுபடி வந்து அமர்கின்றன. உங்கள் கோப்புறையில் நீங்கள் வைத்த கோப்பை அது தொடாது. உங்கள் நிரலின் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாது. வால்வைத் திறக்காமல் விட்டுவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று மோட்டாரைக் கழற்றி மாற்றுவார்களா? ஃபார்மட் செய்வது அந்தக் கிணற்றையே மூடிவிட்டு வேறு கிணறு தோண்டுவது. பிழைச்செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள்; அதற்கு மேலே எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று இருக்கிறதோ, அங்கே போங்கள். ஆங்கிலம் தடுக்கிறதென்றால் அகராதியைப் பாருங்கள், யாரையாவது கேளுங்கள். படிக்காமல் மட்டும் மூடாதீர்கள்.

அடுத்து, நான் தினமும் கேட்கும் புகார்: "கோப்பு பக்கத்திலேயே இருக்கிறது சார், இல்லை என்று பொய் சொல்கிறது." அது பொய் சொல்லவில்லை. மாட்யூலை நிரல் இருக்கும் இடத்தில் தேடுகிற பைத்தான், வெறும் பெயர் சொல்லி ஓபன் செய்யும் கோப்பை நீங்கள் எங்கே நின்று நிரலை ஓட்டினீர்களோ அந்தக் கோப்புறையில் தேடுகிறது. காரிமங்கலத்தில் நின்று "பக்கத்து ஊர்" என்றால் காவேரிப்பட்டணமாக இருக்கலாம். அதையே தருமபுரியில் நின்று சொன்னால் வேறு ஊர். நிரல் எழுதி ஓட்டும் மென்பொருள்களில், ஐடிலில் (IDLE) ஓடுகிற நிரல் விஎஸ் கோடில் (VS Code) ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐடில், நிரல் இருக்கும் கோப்புறைக்கே போய் ஓட்டும். விஎஸ் கோடு, நீங்கள் திறந்து வைத்த மேல் கோப்புறையில் நின்றபடி ஓட்டும். ஓஎஸ் மாட்யூலின் கெட்சிடபிள்யூடியை (os.getcwd()) அச்சிட்டுப் பாருங்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அந்த இடமும் சரியாக இருந்தால், விண்டோஸில் கோப்பு நீட்டிப்பைக் காட்டும் வசதியை இயக்குங்கள். பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி (.txt) இரண்டு முறை இருக்கும். நோட்பேடில் சேமித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கிறது. கோப்பின் முகவரியில் பின்சாய்வுக்கோடு (\) போடாதீர்கள், முன்சாய்வுக்கோடே (/) விண்டோஸிலும் வேலை செய்யும். தமிழ் எழுத்துள்ள கோப்பு என்றால் என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறங்கள். எழுதுவதற்கான 'டபிள்யூ' (w) முறையில் திறந்தால், நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டாலும் பழையதெல்லாம் திறந்த கணமே அழிந்துவிடும். தயவுசெய்து இதை மறக்காதீர்கள். சேர்த்து எழுத 'ஏ' (a) முறை இருக்கிறது.

அந்தப் பையனுக்கு இன்னொரு நிரலும் இருந்தது. அப்பா சந்தைக்குக் கொண்டுபோகும் தக்காளிக்கு எந்த நாளில் அதிக விலை கிடைத்தது என்று பார்ப்பதற்காக எழுதியது. நல்ல எண்ணம். ஆனால் 1100 ரூபாயையும் 900 ரூபாயையும் கொடுத்தால் 900தான் பெரிது என்றது. நாம் தட்டுவதை வாங்கும் இன்புட் கட்டளை எதை வாங்கினாலும் எழுத்துச்சரமாகத்தான் தரும். எழுத்தாக ஒப்பிடும்போது முதல் எழுத்தான 9, 1ஐவிடப் பெரியது, அவ்வளவுதான். இன்ட் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். கைமாறி வரும் பழைய ஜெராக்ஸ் குறிப்புகளில் இன்புட் எண்ணையே தரும் என்று இருக்கும்; அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. அந்தக் குறிப்புகளைத் தூக்கிப்போடுங்கள்.

இன்ட் போட்ட பிறகும் ஒரு சிக்கல் உண்டு. 1,100 என்று காற்புள்ளியோடு தட்டினாலும், 12.5 என்றாலும், எதுவும் தட்டாமல் என்டர் அழுத்தினாலும் வேல்யூ எரர் வந்து நிரல் நின்றுவிடும். பிழையைப் பிடிக்கும் ட்ரை, எக்செப்ட் போட்டு மறுபடி கேளுங்கள். (தமிழ் எண்களில் ௧௨ என்று கொடுத்துப் பாருங்கள், இன்ட் அதைப் பன்னிரண்டு என்று சரியாக வாசிக்கும். வகுப்பில் இதைக் காட்டும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.)

மாட்யூலே இல்லை என்று வந்தால், கணினியில் இரண்டு பைத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மாட்யூலை நிறுவிவிட்டு இன்னொன்றில் நிரலை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிரல் ஓடவில்லை என்று பிள்ளைகள் வந்தால் ஃபார்மட் செய்து கொடுக்காதீர்கள். செய்தே ஆகவேண்டும் என்றால், வீட்டில் வேறு யாருடைய கோப்பாவது இதில் இருக்கிறதா என்று கேட்டு, அதைப் பிரதி எடுத்த பிறகு செய்யுங்கள். அந்த அக்கா இப்போது கையெழுத்துக் குறிப்புகளை வைத்துக்கொண்டு இரண்டு அத்தியாயங்களையும் மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.