மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

“சுகர் கட்டுக்குள்தான் இருக்கிறது. மாத்திரையும் தவறுவதில்லை. பிறகு எதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகர் டாக்டரைப் பார்க்க வேண்டும்? வருடத்துக்கு ஒருமுறை போதாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ‘இதெல்லாம் ஃபீஸுக்காகத்தானே’ என்ற சந்தேகமும் கேள்விக்குள் பதுங்கியிருக்கிறது. ஃபீஸ் விவகாரத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த மூன்று மாதம் நம் இரத்தச் சிவப்பணுவின் ஆயுளிலிருந்து வந்த கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் யார் எப்போது போக வேண்டும், யார் போகாமல் இருக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

வெறும் வயிற்றில் பார்ப்பதும், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதும் எல்லோருக்கும் தெரிந்த சோதனைகள். இரண்டும் அந்த நேரத்து நிலவரத்தை மட்டும் சொல்லும். டாக்டரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடித்து, நடையையும் கூட்டி ‘110’ வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பழக்கம் ஐம்பது வயதிலும் விடுவதில்லை. அதைக் கண்டுபிடித்துவிடும் சோதனைதான் ‘மூணு மாச சுகர்’ என்று லேப்களில் சொல்லப்படும் எச்பிஏ1சி.

சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் நிரம்பியிருக்கிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபினும் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டா சங்கிலியின் தொடக்க முனையில் வேலின் என்ற அமினோ அமிலம் நிற்கிறது. அதன் அமினோ முனை கட்டப்படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குளுக்கோஸ் வந்து ஒட்டிக்கொள்வது அங்கேதான். இப்படிச் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதே எச்பிஏ1சி எண்.

ஆனால் எல்லா குளுக்கோஸும் ஒட்டாது. இரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய முழுவதும் வளைய வடிவில் இருக்கிறது. வளையமாக இருக்கும்வரை அது சாது. மிக மிகச் சிறு பங்கு மட்டும் அவ்வப்போது வளையம் திறந்து நீள்கிறது. திறந்த நிலையில்தான் அதற்கு ஆல்டிஹைடு என்ற கொக்கி முளைக்கிறது. கொக்கி வேலினைப் பிடித்தால் முதலில் உண்டாவது ஒரு தளர்ந்த பிணைப்பு. வேதியியலில் அதற்கு ஷிஃப் காரம் என்று பெயர். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் இந்தப் பிணைப்பு கழன்றுவிடும். கழலாமல் தங்கியவற்றில் சில, மெதுவாகத் தம் அணுக்களை இடம் மாற்றிக்கொண்டு இறுகிவிடும். அமடோரி மாற்றம் என்பது இதுதான். முதலில் போட்டது சுருக்கு முடிச்சு என்றால், இது அவிழாத முடிச்சு.

இந்த வேலையில் எந்த நொதிக்கும் பங்கில்லை. உடல் கட்டளை இடுவதில்லை, தடுப்பதும் இல்லை. எவ்வளவு குளுக்கோஸ், எத்தனை நாள் என்ற இரண்டைப் பொறுத்தே எத்தனை முடிச்சு விழும் என்பது அமைகிறது. சிவப்பணுவுக்கு உட்கருவும் கிடையாது. புதுப் புரதம் செய்து பழையதை மாற்றவும் அதற்கு வழியில்லை. பிறந்த நாள் முதல் சாகும் நாள் வரை பட்ட சர்க்கரையை எல்லாம் சுமந்துகொண்டே திரிய வேண்டியதுதான். ஒரு கணக்குப் புத்தகத்துக்கு இதைவிட நல்ல தாள் வேண்டுமா?

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சாதாரணச் சர்க்கரைகளை ஒப்பிட்டால், குளுக்கோஸ்தான் மிகக் குறைவாக வளையம் திறக்கிறது. பிரக்டோஸ் பல மடங்கு வேகமாகப் புரதத்தில் ஒட்டும். உயிரினங்கள் இத்தனை சர்க்கரைகளில் குளுக்கோஸைப் பொது எரிபொருளாக எடுத்துக்கொண்டதற்கே இந்தச் சாதுத்தனம் காரணமாக இருக்கலாம் என்று 1981இல் பன், ஹிக்கின்ஸ் இருவரும் எழுதினார்கள். நிரூபிக்கப்பட்ட உண்மையாக அல்ல, யோசனையாகத்தான். ஆனால் என்ன அழகான யோசனை!

இந்த ஒட்டல் ஹீமோகுளோபினை ஹுயிஸ்மனும் மேயரிங்கும் 1958இல் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அது சர்க்கரை நோயாளிகளிடம் அதிகமாக இருப்பதை 1968இல் தெஹ்ரானில் கவனித்தவர் சாமுவேல் ரஹ்பர். வேறு வகை ஹீமோகுளோபின்களைத் தேடிக்கொண்டிருந்தவர் கையில் இது சிக்கியது. இன்ன நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் என்று சொல்கிற அதிகாரிகள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். 1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 (இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய அற்றுப்போன வகை) நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு வெளியானது. எச்பிஏ1சியை 9 அளவில் விட்டவர்களைவிட 7 அளவுக்கு இறக்கியவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு மூன்றிலும் சேதம் வெகுவாகக் குறைந்திருந்தது. அதன்பின் இந்தச் சோதனை உலகெங்கும் நிலைபெற்றது.

இனி கணக்குக்கு வருவோம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் புதியவை பிறந்துகொண்டும் அதே அளவு பழையவை அழிந்துகொண்டும் இருக்கின்றன. ஆகவே லேப்பில் எடுக்கும் ஒரு துளியில் நேற்றுப் பிறந்ததும் இருக்கும், நாளை சாகப்போவதும் இருக்கும். ஒரு ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றுப் பெய்த மழையைக் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரும் பார்த்திருப்பார்கள். எழுபது வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் திண்ணையில் நாலைந்து பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். சிவப்பணுக்களும் அப்படித்தான். நேற்றைய சர்க்கரை எல்லாவற்றின் மேலும் பட்டிருக்கும். 100 நாளுக்கு முந்தைய சர்க்கரை, 100 நாள் தாண்டிய ஆறில் ஒரு பங்கின் மேல் மட்டும்தான் பட்டிருக்கும்.

எல்லாச் சிவப்பணுவும் சரியாக 120 நாள் வாழ்கிறது என்று வைத்துக் கூட்டிப் பார்த்தால், எச்பிஏ1சியில் கடைசி 30 நாளின் பங்கு 44 சதவீதம். அதற்கு முந்தைய 30 நாள் 31, அதற்கும் முந்தையது 19, மிச்சம் 6. ஆக, ‘மூன்று மாதச் சராசரி’ என்பது முழுச் சரியான பெயர் இல்லை. கடைசி மாதத்தின் குரல் ஓங்கி ஒலிக்கும் சராசரி அது.

ஒருவருக்கு எச்பிஏ1சி 10. அதாவது சராசரி சர்க்கரை 240 அளவில் ஓடுகிறது. டாக்டர் மருந்தை மாற்றுகிறார். மறுநாளே சராசரி 154க்கு, அதாவது 7க்கு உரிய இடத்துக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் சோதித்தால் 8.7 காட்டும். இரண்டு மாதத்தில் 7.75. மூன்று மாதத்தில் 7.2. மருந்து முழுதாக வேலை செய்தும் முதல் மாதத்தில் பாதிகூடத் தெரியவில்லை, பாருங்கள். அவசரப்பட்டு அப்போதே டோஸைக் கூட்டினால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரலாம். மூன்று மாதத்தில் 94 சதவீதக் கணக்கு வந்துவிடுவதால் அதுவே முடிவெடுக்க உகந்த நேரம்.

இதிலிருந்தே வாசகரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கிறது. மருந்து மாறினாலோ அளவு இலக்குக்கு மேல் நின்றாலோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரண்டு மூன்று தடவை தொடர்ந்து இலக்கிலேயே இருந்து மருந்தும் மாறவில்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். உலக வழிகாட்டு நெறிகளும் அதையே சொல்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை என்று நீட்டினால், நடுவில் எட்டு மாதம் சர்க்கரை ஏறிக் கிடந்திருந்தாலும் கடைசி நான்கு மாத ஒழுக்கம் அதை மறைத்துவிடும். அந்த எட்டு மாதத்தைப் பார்த்த சிவப்பணு ஏறக்குறைய ஒன்றுகூட அப்போது உயிரோடு இராது.

சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடிக் குழாயில் சிறிது இரத்தம் போதும். எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பது) முறையில் செய்யும் ஒரே லேப்பில் தொடர்ந்து எடுப்பது நல்லது. 7.1 போய் 7.3 வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, அது கருவியின் ஊசலாட்டமாகவே இருக்கலாம். அரைப் புள்ளி மாறினால்தான் பேச வேண்டும்.

கணக்குப் புத்தகமே பிசகும் இடங்களும் உண்டு. இரும்புச் சத்துக் குறைந்தால் புதுச் சிவப்பணு உற்பத்தி மந்தமாகி, பழையவற்றின் விகிதம் கூடுகிறது. சர்க்கரை ஏறாமலே எச்பிஏ1சி ஏறிக் காட்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டதும் இறங்கும். மருந்துக்கடைக்காரர் கொடுத்த சூரணம்தான் இறக்கியது என்று பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடும்! மாறாக, சிவப்பணு சீக்கிரம் அழிகிற, அல்லது சர்க்கரை அதிகம் படாத புதியவை கலக்கிற நிலைகளில் எண் பொய்யாகக் குறையும்: இரத்தம் ஏற்றியபின், கர்ப்ப காலத்தில், டயாலிசிஸில் புதுச் சிவப்பணுவைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசி போடுபவர்களுக்கு, தோல் நோய்க்கு டாப்சோன் சாப்பிடுபவர்களுக்கு. அரிவாள் செல் ஹீமோகுளோபின் (சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் பரம்பரைக் குறை) உள்ளவர்களிடமும் இந்த எண்ணை நம்ப முடியாது. இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952இல். அங்குள்ள மருத்துவர்களுக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐசிஎம்ஆரின் 2023 ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். எச்பிஏ1சியைச் சராசரி சர்க்கரையாக மாற்றும் சூத்திரமோ, இரத்தசோகைக்காரர்களை விலக்கிவிட்டு 507 பேரிடம் செய்த வெளிநாட்டு ஆய்விலிருந்து வந்தது. நம் பெண்களுக்கான திருத்தக் கணக்கை நம் பணத்தில் நாம்தான் போட வேண்டும். வேறு யார் போடுவார்கள்? அதுவரை, குளுக்கோமீட்டர் ஒன்று சொல்ல எச்பிஏ1சி வேறொன்று சொன்னால், முதலில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பிரக்டோசமைன் சோதனை இருக்கிறது. அது பெரும்பாலும் ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைப் பார்ப்பதால் இரண்டு மூன்று வாரக் கதையை மட்டும் சொல்லும்.

மற்ற உறுப்புகளுக்கு மூன்று மாதக் கணக்கு பொருந்தாது. ஒவ்வொன்றின் நடையும் வேறு. டைப் 2 சர்க்கரை, கண்டுபிடிக்கப்படும் முன்பே சில ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்திருக்கும். எனவே கண்டறிந்த உடனேயே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். பிறகு வருடம் ஒருமுறை. இங்கிலாந்தில் தொடர்ந்து இருமுறை பழுதில்லை என்று வந்தவர்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று தளர்த்தத் தொடங்கினார்கள். அது அழைப்புக் கடிதம் தானாக வீடு தேடி வரும் நாடு. நாம் வருடக் கணக்கிலேயே இருப்போம். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை மங்கும், கூச்சம் எடுக்கும். பைக்கில் போகாதீர்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்து கர்ப்பமானவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பார்ப்பது அவசியம். பல வருடம் 11, 12 என்று இருந்தவர்கள் சர்க்கரையை மளமளவென்று இறக்குவதற்கு முன்பும் கண்ணைக் காட்டிவிட வேண்டும். திடீர் இறக்கத்தில் விழித்திரைச் சேதம் தற்காலிகமாக மோசமாவது உண்டு.

சிறுநீரகத்துக்கு வருடம் ஒருமுறை. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவை மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று திருப்தி அடைவது பெரும் தவறு. சிறுநீரக வேலைத் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் அது கோட்டைத் தாண்டும். அதற்கு வெகுமுன்பே சிறுநீரில் ஆல்புமின் கசியத் தொடங்கும். காலையின் முதல் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் ஆல்புமின் இருந்தால் கவலையில்லை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்திய நாள் கடும் உடற்பயிற்சி ஆகியவை அதைப் பொய்யாக ஏற்றும். ஆகவே மூன்று தடவை பார்த்து இரண்டில் கூடியிருந்தால்தான் நோய் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கால் விஷயம் வேறு. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். தெரிந்தால் வருடம் ஒருமுறை போதும். தெரியவில்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது. கூடவே இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் மூன்று முதல் ஆறு மாதம். ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்கள் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் காட்ட வேண்டும். இழை தெரியாத கால்கள் சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் நின்றால் தோல் வெந்ததுகூடத் தெரியாது. தீ மிதிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்; வேண்டுதலை வேறு விதமாக முடித்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி நிபுணரிடம்தான் போக வேண்டுமா? டைப் 2 உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ குடும்ப டாக்டரோ இவற்றைக் கவனிக்க முடியும். டைப் 1, கர்ப்பம், இரண்டு மூன்று மருந்துக்குப் பிறகும் இறங்காத எச்பிஏ1சி, அடிக்கடி தாழ்சர்க்கரை, வேகமாகச் சரியும் சிறுநீரகம் ஆகியவை நிபுணருக்கு உரியவை. காலில் புண்ணோ, திடீரென்று பார்வை மறைப்போ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது, அன்றோ மறுநாளோ போய்விட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது, நல்ல திட்டம். ஆனால் மாத்திரை வந்துவிட்டதால் சோதனையும் முடிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களுக்குக் கண்ணும் காலும் யார் பார்ப்பது?

போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ‘சின்ன வெள்ளை மாத்திரை’ என்றால் எந்த டாக்டருக்கும் புரியாது. நோட்டில் எழுதிய எண்களைவிட குளுக்கோமீட்டரையே கொண்டுபோவது மேல். எச்பிஏ1சி வெறும் சராசரி. 50க்கும் 300க்கும் இடையே ஊஞ்சலாடும் சர்க்கரையும் அதில் 7 என்று அழகாகத் தெரியும். அந்த ஊஞ்சல் மீட்டரின் நினைவில்தான் பதிந்திருக்கும். பேட்டரி மாற்றியபின் சில மீட்டர்களில் தேதியும் நேரமும் பின்னால் போய்விடும், கிளம்புமுன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.