வெந்தயம் கொழுப்பைக் கரைப்பதில்லை. பிறகு என்ன செய்கிறது?

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "கொழுப்பு கூடியிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே, என்ன சாப்பிடலாம்?" என்று யாராவது கேட்பது காதில் விழும். வெந்தயம், மருதம்பட்டைத் தூள், கறிவேப்பிலைப் பொடி என்று எதைக் கட்டிக் கொடுத்தாலும் "ரத்தத்துல இருக்கிற கொழுப்பைக் கரைச்சிரும்" என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கரைக்கும் வேலை எதையும் வெந்தயம் செய்வதில்லை. ஆனாலும் கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கிறது. எப்படி என்று தெரிந்தால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் பிடிபட்டுவிடும்.

நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டில் வருவதல்ல, உடம்பே தயாரிப்பது. அதில் கல்லீரலுக்கு முக்கிய இடம். அந்தக் கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியைக் கல்லீரல் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புகிறது. சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் செரிக்க அது வேண்டும். வேலை முடிந்ததும் சுமார் 95 சதவீதப் பித்த அமிலத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். உடம்பு அவ்வளவு சிக்கனம்.

வெந்தயம் கைவைப்பது இந்தச் சிக்கனத்தில்தான். இரவு ஊறவைத்த வெந்தயம் ஒன்றை எடுத்துக் காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். தோல் கழன்று வரும், நடுவில் மஞ்சள் பருப்பு இருக்கும். இரண்டுக்கும் இடையே, கலங்கிய கண்ணாடி நிறத்தில் வழவழவென்று ஒரு படலம் விரலில் ஒட்டும். அதுதான் காலக்டோமன்னன் என்ற நார்ச்சத்து. குடலில் அது கூழாகி, பித்த அமிலத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்தாக வேண்டும், அதற்குக் கொலஸ்ட்ரால் தேவை. உடனே, எல்டிஎல் எனும் 'கெட்ட கொலஸ்ட்ராலை'ப் பிடிக்கும் ஏற்பிகளைத் தன் செல்களின் மேல் கூட்டி, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை உள்ளே இழுக்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வெந்தயத்தைக் கொட்டுகிறவர்கள், கசப்பைக் குடித்து மருந்தைக் கொட்டுகிறார்கள். விதையை மென்று விழுங்க வேண்டும், அல்லது அரைத்துச் சேர்க்க வேண்டும். அளவும் முக்கியம். ஒரு டீஸ்பூன் வெந்தயம் ஏறக்குறைய 4 கிராம். இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 25 கிராம், ஒன்றில் கொழுப்பு நீக்கிய பொடியாக 100 கிராம். இதே வழியில் வேலை செய்யும் இசப்கோலுக்குச் சான்று இன்னும் உறுதியானது: நாளுக்குச் சுமார் 10 கிராம் எடுத்தால் எல்டிஎல் ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. 160 இருந்தவருக்கு 149 ஆகும்.

ஏன் இதற்குமேல் இறங்குவதில்லை? பித்த அமிலம் குறையும்போது கல்லீரல் ரத்தத்திலிருந்து எடுப்பதோடு நிற்காமல், சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதையும் கூட்டிவிடுகிறது. அந்தத் தயாரிப்பைத் தடுப்பவைதான் ஸ்டாட்டின் மாத்திரைகள். பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம் வரை எல்டிஎல்லைக் குறைக்கும். நார்ச்சத்தும் மாத்திரையும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று துணை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 10 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினோடு 15 கிராம் இசப்கோல் எடுத்தவர்களுக்கு, 20 மில்லிகிராம் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு இணையான பலன் கிடைத்தது.

"மாத்திரை கெமிக்கல், மூலிகை இயற்கை" என்று பிரித்துப் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுக்காது. 1970களில் ஜப்பானின் அகிரா எண்டோ முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தது ஒரு பூஞ்சையிலிருந்து. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும் பூஞ்சை தந்ததே.

எல்லா மூலிகையும் வெந்தயம் போலத் தேறவில்லை. பச்சைப் பூண்டையும் பூண்டு மாத்திரைகளையும் ஸ்டான்ஃபோர்டில் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வந்த முடிவுப்படி எல்டிஎல்லில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குக்குலு பிசினுக்கு 2003இல் நடந்த அமெரிக்க ஆய்வில் எல்டிஎல் சற்று ஏறவே செய்தது, சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. மருதம்பட்டைக்குச் சிறு ஆய்வுகள் உண்டு, அதை நம்பி மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

சாப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். டால்டாவிலும் பாமாயிலிலும் கொழுத்த கறியிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அதே எல்டிஎல் ஏற்பிகளைக் குறைக்கிறது. ராத்திரிக்கு ராத்திரி பரோட்டாவும் சுக்காவும் தொடர்ந்தால், வெந்தயம் கூட்டியதைச் சாப்பாடு குறைத்துவிடும்.

எல்டிஎல் 190ஐத் தாண்டினால் பரம்பரைக் கோளாறா, தைராய்டு குறைவா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். பரம்பரையாக ஏற்பியே பழுதானவர்களுக்கு, ஏற்பியைக் கூட்டும் வெந்தயம் பெரிதாகக் கைகொடுக்காது. அவர்களின் பிள்ளைகளுக்கும் பரிசோதனை அவசியம். மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு அதிக வெந்தயம் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடலாம். கர்ப்பிணிகளுக்கு மருந்தளவில் வெந்தயம் வேண்டாம். இசப்கோலை நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். தொடங்கும் முன் ஒருமுறையும், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுமுறையும் ரத்தம் கொடுத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.