பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஓட்டர் ஐடி: 18 ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள்

ஜனவரி 25 வந்தால் பள்ளியில் கோலப்போட்டி உண்டு, பேரணி உண்டு, வாக்காளர் தின உறுதிமொழியும் உண்டு. வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 மட்டும் யார் கைக்கும் வராது.

17 வயது முடிந்தாலே அதைக் கொடுக்கலாம். 18 முடிந்துவிட்டதா என்று பார்க்கும் தகுதி நாள் 2022 முதல் ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. ஜூலை 2-ல் 18 முடிகிறவருக்கு அக்டோபர் 1 கணக்கு. "18 ஆனதும் வா" என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டியது தேர்தல் அலுவலகத்தின் வேலை.

வடசென்னையில் முதலில் இடறுவது முகவரி. பள்ளி இருக்கும் தொகுதி அல்ல, வீடு இருக்கும் தொகுதிதான் கணக்கு. ராயபுரத்தில் படிக்கும் பிள்ளையின் வீடு கத்திவாக்கத்தில் என்றால் திருவொற்றியூர் தொகுதி. மாநகராட்சி சென்னையாக இருந்தாலும் திருவொற்றியூர், மாதவரம் இரண்டும் தேர்தலுக்குத் திருவள்ளூர் மாவட்டம். எல்லாப் படிவத்தையும் ஒரே கட்டாக ஒரே ஆபீஸில் போட்டால் பாதி அங்கேயே தூங்கும்.

அடுத்தது வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் கரண்ட் பில் நகல் தரமாட்டார், ரெண்டல் அக்ரிமெண்ட்டும் பதிவாகியிருக்காது. அந்த முகவரியிலேயே ஆதாரோ பேங்க் பாஸ்புக்கோ இருந்தால் போதும். எதுவுமே இல்லையென்றாலும் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நேரில் வந்து விசாரித்துச் சேர்க்கலாம், வந்தால்தான். ஆகவே பழைய கதவு எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். வாரியக் குடியிருப்பை இடித்ததால் வேறு இடத்தில் இருப்பவர்கள் இப்போது குடியிருக்கும் முகவரியைத்தான் தர வேண்டும். அங்கே அம்மாவோ அப்பாவோ ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் அவர்களுடைய வாக்காளர் அட்டை எண்ணை எழுதத் தவறாதீர்கள். இல்லாவிட்டால் ஒரே வீட்டு ஓட்டு பட்டியலின் வேறு வேறு பாகத்துக்குப் போய்விடும்.

குடும்பப்பெயர் கட்டம் நமக்கானதல்ல, காலியாகவே விடலாம். பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி இருக்கட்டும். ஆதார் எண் இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

பள்ளி முகாமில் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பீரோவுக்குள் போன படிவத்தைப் பிறகு யாரும் கேட்க முடியாது. பி.எல்.ஓ.க்களில் பலர் ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும்தான், தலைமையாசிரியர் விசாரித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். பி.எல்.ஓ.வின் போன் எண்ணை 1950 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.

ஏற்கெனவே பெயர் இருந்து வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. "இன்னொரு 6 போடு" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். படிவம் 6-ல் வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாகக் கையெழுத்திட்டால் ஓராண்டு வரை சிறை. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உத்தரவு தேதியிலிருந்து 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் நடக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.